ஓரங்களை மட்டும் படித்தவள்

பல்கலைக்கழகத்தின் பின்வாசலுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. அங்கே பைண்டிங் செய்யும் பெண்ணிடம் ஏதாவது ஓர் ஆங்கில நாவலைக் காட்டி, "இது எப்படிக்கா இருக்கும்?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அவள் உண்மையைச் சொல்வாள்.

"ஓரம் நல்லா இருக்கு. நடுவுல என்ன இருக்குன்னு தெரியாது."

கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவள் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

கடையின் முன்பக்கம் மெஷின்களின் ராஜ்யம். சூடான காகித வாசனை, வெளிச்சக் கீற்று போய்ப் போய் வரும் ஓசை, "அண்ணே எனக்கு முதல்ல", "தம்பி வரிசையில வா" என்கிற கூச்சல். பின்பக்கம் தகரம் அடித்த ஒரு நீள மேஜை. பசைக் கிண்ணம், பிரஷ், ஊசி, மெழுகு தடவிய நூல், பெரிய கைப்பிடி வைத்த கட்டிங் மெஷின். அதுதான் அவள் இடம். வயது நாற்பதை எட்டிக்கொண்டிருக்கிறது. விரல் நுனிகளில் எப்போதும் பசை காய்ந்து மெல்லிய தோலாக நிற்கும். பேசும்போது அதை உரித்துக்கொண்டே பேசுவாள். அதனால் மாணவர்கள் வைத்த பெயர் பசையக்கா. முதலாளிக்குப் பசையம்மா.

கடைக்கு நிரந்தர வாடிக்கை ஆங்கில இலக்கிய மாணவர்கள். அவர்களுக்கு வேண்டிய புத்தகம் பெரும்பாலும் கடைகளில் கிடைக்காது. நூலகத்தில் ஒரே ஒரு பிரதி இருக்கும். அதை இரவல் வாங்கிவந்து முழுதாக ஜெராக்ஸ் எடுத்து பைண்ட் செய்துகொள்வார்கள். தடித்த பழைய புத்தகத்தைக் கண்ணாடிமேல் அழுத்தி வைக்க முடியாது. வைத்தால் முதுகு பிளக்கும், நூலகத்தில் அபராதம் போடுவார்கள். தூக்கிப் பிடித்தபடி எடுத்தால் பக்கத்தின் அடியில் இருக்கும் எண் வெட்டுப்பட்டுப் போகும். அவசரத்தில் ஒரு கட்டு கைதவறிக் கீழே விழுந்தால் அவ்வளவுதான். எண் இல்லாத முந்நூறு தாள் தரையில் பரவிக் கிடக்கும். எதற்குப் பின் எது என்று யாருக்கும் தெரியாது.

பசையக்காவுக்குத் தெரியும். தாளின் கடைசி வரியையும் இன்னொரு தாளின் முதல் வரியையும் பொருத்திப் பார்ப்பாள். ஒரு பக்கம் 'அவன் கதவைத் திறந்து' என்று முடிந்தால், அடுத்த பக்கத்தில் அவன் உள்ளே போக வேண்டும், அல்லது வெளியே வர வேண்டும், அல்லது அங்கே யாராவது நின்றுகொண்டிருக்க வேண்டும். அப்படிப் பொருந்தும் தாளை எடுத்து அடியில் செருகுவாள். சீட்டுக் கட்டை அடுக்குவதுபோல் கை வேகமாக ஓடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதலாளி சொன்ன ஒரே எச்சரிக்கை இதுதான்: "நடுவுல பாக்காதே. பாத்தா மாட்டிக்குவே. அப்புறம் சாயந்தரம் பையன் வந்து நிப்பான், நீ கதை படிச்சுக்கிட்டு இருப்பே."

அவள் பார்க்கவில்லை. இத்தனை வருடத்தில் எத்தனையோ நாவல்கள் அவள் கையைக் கடந்துபோய்விட்டன. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பக்கங்களின் விளிம்பில் நிற்கும் மனிதர்கள். ஒருத்தி கடிதத்தைப் பிரிக்கப் போகிறாள். ஒருவன் ஏதோ சொல்ல வாயெடுக்கிறான். ஒரு வண்டி வாசலில் வந்து நிற்கிறது. கடிதத்தில் என்ன எழுதியிருந்தது, அவன் சொன்னானா, வண்டியிலிருந்து யார் இறங்கினார்கள் எல்லாம் பக்கத்தின் நடுவில் இருந்தன. வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போது அந்தப் பெண் இன்னும் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதுபோல் இருக்கும்.

மங்கலாக விழுந்த தாள்களைக் கடையில் கழித்துப் போடுவார்கள். ஒருமுறை அதில் ஒரு கற்றையை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். துணி காயும் பால்கனியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மேலிருந்து வரிவரியாகப் படிக்க ஆரம்பித்தாள். முதல் வரியில் ஒரு சொல் தெரியவில்லை. தாண்டினாள். இரண்டாவது வரியில் இன்னொன்று. மூன்றாவது வரிக்கு வந்தபோது பின்னால் யாரோ நின்று சிரிப்பதுபோல் பட்டது. திரும்பிப் பார்த்தாள். ஈரத்துணிதான். தாள்களை மடித்துப் பழைய பேப்பரோடு போட்டுவிட்டாள்.

அந்தச் சிரிப்பு பழசு. பள்ளி முடிந்ததும் அப்பா கேட்டார், "என்னம்மா படிக்கப் போறே?" இங்கிலீஷ் என்று நாக்கு நுனிவரை வந்தது. வகுப்பில் சில பெண்கள் ஆங்கிலப் பாடத்தைக் குழாயில் தண்ணீர் கொட்டுவதுபோல் வாசிப்பார்கள். இவள் முறை வரும்போது வகுப்பு அமைதியாகிவிடும். ஒவ்வொரு சொல்லையும் கல்லைப் புரட்டுவதுபோல் புரட்டுவாள். டீச்சர் திட்டியதில்லை. யாரும் வாய்விட்டுச் சிரித்ததுகூட இல்லை. ஆனால் இங்கிலீஷ் படிப்பு அந்தப் பெண்களுக்கு உள்ளது என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். "படிப்பு வேண்டாம்ப்பா. வேலைக்குப் போறேன்" என்றாள். அப்பாவுக்கு நம்ப முடியவில்லை. ஒரு வாரம் கெஞ்சிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார், விட்டுவிட்டார்.

அவளை யாரும் தடுக்கவில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டம். கோபித்துக்கொள்ள ஓர் ஆள்கூட இல்லை.

அப்படி இருக்கையில், ஒரு வருடம் கல்லூரிகள் திறக்கும் சமயத்தில் ஒரு போஸ்டர் கடைக்கு அச்சடிக்க வந்தது. வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை நேர ஆங்கில இலக்கியப் பட்டப்படிப்பு. வயது வரம்பு இல்லை. பள்ளிப் படிப்பு முடித்திருந்தால் போதும். ஓர் எழுத்துத் தேர்வு, பிறகு நேர்முகம். போஸ்டர்களின் ஓரத்தை வெட்டிச் சீராக்கும் வேலை அவளுடையது. எல்லாவற்றையும் வெட்டிவிட்டு ஒன்றை மட்டும் தனியாக வைத்திருந்தாள். முதலாளி கண்ணில் பட்டுவிட்டது.

"என்ன பசையம்மா, இது மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு?"

"கோணலா விழுந்துடுச்சுண்ணே."

"கோணலா இருக்கறது போஸ்டரா, உன் மூஞ்சியா?"

அவள் விரலில் பசையை உரிக்க ஆரம்பித்தாள்.

"எழுதிப் பாரேன். தோத்தாலும் மறுநாள் இங்கதான் வரப் போறே. பாஸானாலும் இங்கதான் வரப் போறே. எனக்கு ரெண்டுமே ஒண்ணுதான்."

"நான் எங்கண்ணே, அதெல்லாம் எங்க."

"அதை அவங்க சொல்லட்டும். அவங்களுக்குச் சம்பளம் குடுக்கறதே அதுக்குத்தான்."

ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கத் தங்கை வந்தாள். ஒரு விமான நிறுவனத்தின் கால் சென்டரில் வேலை. பெட்டி தொலைந்தவர்கள் உலகத்தின் எந்த மூலையிலிருந்து கூப்பிட்டாலும் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்பது அவள் தொழில். அக்கா தேர்வு எழுதப் போகும் விஷயத்தைக் கேட்டதும் தட்டைக் கீழே வைத்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதே."

"எடுத்துக்குவேன். கேளு."

"நீ இங்கிலீஷ்ல ஒரு முழு வாக்கியம் பேசி நான் கேட்டதே இல்லை."

பசையக்காவின் கணவர், பள்ளி வேன் ஓட்டுபவர், இடையில் புகுந்தார். "அவ தமிழ்லயே என்கிட்ட முழு வாக்கியம் பேசறதில்லையே. 'சாவி எங்க', 'சத்தம் போடாதீங்க'. தாண்டினதில்லை."

"மாமா, சும்மா இருங்க. அக்கா, இங்கிலீஷ் வேணும்னா பேசக் கத்துக்கோ, மூணு மாசத்துல வந்துடும். இலக்கியத்தை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறே?"

அவளுக்கு வேண்டியது பேச்சு அல்ல. வேறு என்ன என்று இரண்டு மொழியிலும் சொல்லத் தெரியவில்லை. பதிலுக்கு வேறொன்று கேட்டாள்.

"பெட்டி தொலைஞ்சுதுன்னு அழறாங்களே, அதுக்குள்ள என்ன இருந்திருக்கும்னு உனக்குத் தோணாதா?"

"தோணாது. தோணுச்சுன்னா அடுத்த போனை எடுக்க முடியாதுக்கா."

தேர்வு அன்று காலை கணவர் பள்ளி வேனிலேயே கொண்டுபோய் இறக்கினார். பக்கவாட்டில் கரடி படமும் முயல் படமும் ஒட்டிய வேன். அவள் இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு, "தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டியா? டீச்சர் சொன்னா கேக்கணும்" என்றார்.

"போங்க, மானத்தை வாங்காதீங்க."

பெரிய ஹாலில் மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. வினாத்தாளோடு சேர்த்துப் பின் அடித்த சில பக்கங்கள்; ஒரு சிறுகதை. ஒரு பெண் நாள்தோறும் மாலையில் படகுத்துறைக்கு வருகிறாள். அவள் யாருக்காகக் காத்திருக்கிறாள், அவளைப் பற்றி உங்களுக்கு என்ன தோன்றுகிறது, எழுதுங்கள் என்பது கேள்வி.

அவள் கண்கள் முதல் பக்கத்தின் அடிக்கு ஓடின. 'கடைசிப் படகு' என்று அங்கே முடிந்தது. 'இன்னும் வரவில்லை' என்று அடுத்தது தொடங்கியது. சரி. அடுத்த பக்கத்தின் கடைசி வரி, அதற்கடுத்ததின் முதல் வரி. கணவனின் கோட்டைக் கையில் மடித்து வைத்திருக்கிறாள், குளிர் ஏறுகிறது, விளக்கு ஏற்றுகிறார்கள், பலகையில் காலடி ஓசை. கதை அவள் முன் முழுதாக எழுந்து நின்றது. இவ்வளவு சுலபமா என்றுகூட அவள் யோசிக்கவில்லை. எழுத ஆரம்பித்தாள். எளிய ஆங்கிலம், சின்னச் சின்ன வாக்கியங்கள். காலையில் புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ சண்டை. கோட்டை மறந்துவிட்டுப் போய்விட்டான். இவள் அதைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறாள். வந்ததும் முதலில் திட்டுவாள், பிறகுதான் கோட்டைத் தருவாள். வேன் தாமதமாகும் நாட்களில் தெருமுனைக்குப் போய் நிற்பவளுக்கு இதெல்லாம் எழுத யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தாள் கேட்டு வாங்கி எழுதினாள்.

வெளியே வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"எப்படி?" என்றார் கணவர், வேனைக் கிளப்பிக்கொண்டே.

"நல்லா எழுதியிருக்கேன்னு நினைக்கிறேன்."

வேன் ஒரு குலுக்கல் குலுக்கி நின்றது. "என்ன சொன்னே? மறுபடி சொல்லு. இதுவரைக்கும் உன் வாயால கேட்டதே இல்லையே."

அன்றைக்கு வீடு போய்ச் சேரும்வரை சன்னல் வழியாகப் பல்கலைக்கழகக் கட்டடங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவை முடிந்த பிறகும் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. அறையில் இரண்டு பேர். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த பேராசிரியை ஒருவர். பக்கத்தில் ஓர் இளம் விரிவுரையாளர். அவளைப் பார்த்ததும் அவர் பாதி எழுந்துவிட்டார்.

"பசையக்கா! நீங்களா?" என்றவர், பேராசிரியை திரும்பிப் பார்க்கவும், "சாரி. உட்காருங்க மேடம்" என்றார்.

பேராசிரியை ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். பெயர், ஊர், வேலை. ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினார்.

"நல்லா எழுதியிருக்கீங்க. சண்டை, கோட்டு எல்லாம் எனக்குப் பிடிச்சிருந்தது. அந்தப் பொண்ணு யாருக்காகக் காத்திருக்கா?"

"வீட்டுக்காரருக்காக மேடம்."

"வருவாரா?"

"லேட்டாகும். வந்துடுவார்."

பேராசிரியை அந்தக் கதையை அவள் பக்கம் நகர்த்தினார். "ரெண்டாவது பக்கம். நடுவுல இருக்கற பத்தியைப் படிங்க."

படித்தாள். போன குளிர்காலத்தில் படகு கவிழ்ந்தது என்று இருந்தது. உடல் கரை ஒதுங்கியபோது அடையாளம் சொன்னது அவள்தான் என்று இருந்தது. அந்தக் கோட்டைப் போட்டுத்தான் அவன் போயிருந்தான்.

செத்துப்போனவனுக்குச் சண்டையும் சமாதானமும் எழுதிக் கொடுத்திருக்கிறாள், அதுவும் கூடுதல் தாள் வாங்கி.

"இந்தப் பத்தியை நீங்க படிக்கலையா?"

நேரம் போதவில்லை என்று சொல்லியிருக்கலாம். யாரும் மறுத்திருக்க மாட்டார்கள்.

"நடுவுல பாக்கறதில்லை மேடம்" என்றாள்.

"அப்படின்னா?"

சொன்னாள். எண் வெட்டுப்பட்ட தாள்கள், கடைசி வரி, முதல் வரி, சாயந்தரம் வந்து நிற்கும் பையன்கள். "வேணும்னு பண்ணலை. பழக்கத்துல கண்ணு அப்படியே ஓடிடுச்சு. தாண்டினதே எனக்குத் தெரியாது."

இளம் விரிவுரையாளர் சிரித்தார். பாதியில் சிரிப்பு நின்றது. "அக்கா, அப்ப என் தீசிஸையும்..."

"உங்களோடதும் ஓரம் மட்டும்தான் சார்."

"விடுங்க, அதை முழுசாப் படிச்சது நான் ஒருத்திதான். நீங்க தப்பிச்சீங்க" என்றார் பேராசிரியை. பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இப்ப முதல்லேருந்து கடைசி வரைக்கும் சத்தமாப் படிங்க. நாங்க கேக்கறோம்."

படித்தாள். பழைய வகுப்பறை திரும்பி வந்துவிட்டது. சொற்கள் கற்களாயின. தப்பாக உச்சரித்த இடத்தில் பேராசிரியை நிறுத்தித் திருத்தினார். அர்த்தம் கேட்டபோது பல இடங்களில் தெரியாது என்றாள். 'பரவாயில்லை' என்றோ 'இதுகூடத் தெரியாதா' என்றோ அவர் சொல்லவில்லை; அர்த்தத்தைச் சொல்லிவிட்டு, "மேல போங்க" என்றார். வெளியே அடுத்துக் காத்திருந்தவர் இருமிக் காட்டினார். கதை முடிந்தபோது அவள் ரவிக்கை முதுகில் ஒட்டியிருந்தது.

"இப்ப என்ன தோணுது?"

"தெரியலை மேடம். அவர் இல்லைன்னு அவளுக்கே தெரியுமே. அப்புறம் எதுக்குக் கரைக்கு வர்றா? அந்தக் கோட்டு எப்படி அவ கையில இருக்கு?" அவள் தாள்களைத் திருப்பினாள். "இன்னொரு தடவை படிக்கட்டுமா?"

பேராசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கும் ஆசைதான். வெளியில ஆள் நிக்குது."

அவள் தாள்களைத் திருப்பிக் கொடுத்தாள். வாங்கிக்கொள்ள அவர் நீட்டிய கைக்கும் அவள் விரல்களுக்கும் நடுவில் அவை ஒரு கணம் தயங்கின.

பத்து நாள் கழித்து முடிவு சொன்னார்கள். இந்த வருடம் பட்டப்படிப்பில் இடமில்லை. ஒரு வருட ஆயத்த வகுப்பில் சேரலாம். முடிவில் மறுபடி தேர்வு. தேறினால் இடம் கிடைக்கலாம்.

அவள் இரண்டு பதில்களுக்குத் தயாராக இருந்தாள். இடம் உண்டு என்றால் பயப்படுவது, இல்லை என்றால் நிம்மதியாக அழுதுவிட்டு விட்டுவிடுவது. நிஜத்தைச் சொன்னால் இரண்டாவதைத்தான் எதிர்பார்த்தாள். தகுதி இல்லை என்று ஒரு பெரிய இடத்தில் சொல்லிவிட்டால் ஆசையைச் சுருட்டிப் பரண்மேல் போட்டுவிடலாம். அவர்கள் அதைச் சொல்லவில்லை. இருக்கிறது என்றும் சொல்லவில்லை.

தங்கைக்குப் போனில் சொன்னாள்.

"ஒரு வருஷம் எல்கேஜி, அதுக்கப்புறம்தான் ஒண்ணாம் கிளாஸா? அவமானமா இல்லையாக்கா உனக்கு?"

"இருக்கு."

"அப்புறம்?"

"அந்தக் கதையை என்கிட்டேருந்து வாங்கிட்டாங்கடி. அது மனசுலயே நிக்குது."

தங்கை டிவி சத்தத்தைக் குறைத்தாள். "என்ன கதை? சொல்லு" என்றாள். சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டாள்.

கணவரின் கேள்வி சுருக்கம். "எல்கேஜி பிள்ளைங்களை ஏத்தி இறக்கி எனக்கு அனுபவம் இருக்கு. சாயந்தரம் எத்தனை மணிக்கு?"

கடையில்தான் சிக்கல் வந்தது. மறுவாரமே ஒரு நாவல் கட்டு தரையில் சிதறியது. அவள் அடுக்க உட்கார்ந்தாள். கை ஓடவில்லை. ஒவ்வொரு தாளிலும் கண் நடுவுக்கு இறங்கியது; இறங்கியது ஏற மறுத்தது. மாணவன் வந்து நின்றான். முதலாளி பின்பக்கம் எட்டிப் பார்த்தார்.

"பசையம்மா! மாட்டிக்கிட்டியா?"

"இதோ ஆச்சுண்ணே."

"ஆச்சு, எனக்குத்தான் ஆச்சு. கிளாஸ் சேர்ந்தவ கிளாஸ்ல படி, இங்க பசை தடவு." சொல்லிவிட்டு மாணவனிடம் திரும்பி, "நாளைக்கு வா தம்பி. அக்கா உன் புத்தகத்தைச் சரிபாக்கறாங்க" என்றார்.

முதல் வகுப்புக்குப் போனபோது கடையிலிருந்து நேராகப் போனாள். கதவைத் திறந்ததும் உள்ளே இருந்த, புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளம் பிள்ளைகள் மொத்தமும் எழுந்து நின்றார்கள். "குட் ஈவினிங் மேம்!"

அவள் திரும்பிப் பின்னால் பார்த்தாள். யாரும் இல்லை.

"உட்காருங்கப்பா. நானும் உங்களை மாதிரிதான்" என்று இரண்டாவது பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பக்கத்துப் பெண் பையை நகர்த்தி இடம் கொடுத்துவிட்டு, "ஆன்ட்டி, பயமா இருக்கா?" என்று கிசுகிசுத்தாள்.

"உனக்கு?"

"ரொம்ப."

"நல்லது. பக்கத்துலயே இரு."

வகுப்பெடுக்க வந்தவர் அதே இளம் விரிவுரையாளர். ஒரு கவிதையைப் பலகையில் எழுதி, ஆங்கிலத்தில் வேகமாக விளக்கிக்கொண்டு போனார். எல்லோரும் தலையாட்டினார்கள். அவளும் ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே வந்தவளுக்கு, இந்தத் தலையாட்டலோடு இந்த வரியும் போய்விடும், இனி திரும்பி வராது என்று தோன்றியது. கையைத் தூக்கினாள்.

"சார், எனக்குப் புரியலை."

அவர் முதலிலிருந்து சொன்னார்.

"இன்னும் புரியலை சார்."

பின் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இந்தத் தடவை திரும்பிப் பார்க்கத் தேவையில்லாமல் நிஜமான சிரிப்பு. அவள் முகம் சுட்டது. கை கீழே இறங்கவில்லை. விரிவுரையாளர் சாக்பீஸை மேஜையில் வைத்துவிட்டு, பெஞ்சுக்கு அருகில் வந்து, வரியை மெதுவாகப் பிரித்துச் சொல்ல ஆரம்பித்தார். பாதி புரிந்தது. மீதிப் பாதி, கை நீட்டினால் தொட்டுவிடலாம் என்கிற தூரத்தில் நின்றது.

வெளியே வராந்தாவில் பியூன் மணியடிக்க நடந்துபோவது தெரிந்தது. இன்னும் கொஞ்சம் மெல்லப் போகக் கூடாதா இந்த மனுஷன் என்று அவளுக்கு இருந்தது.